முதல் வாரத்து நாயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

வீடு மாறும்போது முதலில் கைமாறுவது பெரும்பாலும் நாய்தான். ரப்பரும் செம்பனையும் நின்ற சிலாங்கூரின் செமினி மண்ணில் இன்று குடியிருப்புத் தாமானுக்குப் பின் தாமானாக எழும்பிக்கொண்டிருக்கிறது. தரை வீட்டை விற்றுவிட்டு அடுக்குமாடிக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் வேலை கிடைத்துக் கிளம்புகிறவர்கள், அப்பா இறந்தபின் அவர் வளர்த்த நாயை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே செய்தியைத்தான் வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறார்கள்: "நல்ல நாய், கடிக்காது, அஞ்சு வயசு, யாராச்சும் எடுத்துக்கிறீங்களா?" இன்னொரு பக்கம் காப்பகங்கள். அம்பாங்கில் எஸ்.பி.சி.ஏ. சிலாங்கூர், சுபாங்கில் பாவ்ஸ், 2008 முதல் நாய் பூனைகளுக்கு வீடு தேடித்தரும் பெட்ஃபைண்டர் இணையத்தளம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கக் காத்திருக்கும் நாய்கள். குட்டிகளுக்கு ஆள் கிடைத்துவிடும். வளர்ந்த நாய்க்குத்தான் கேட்க நாதியில்லை.

அதற்குக் காரணம் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் பழமொழியை எடுத்துப் போடுவார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? வேறு ஒருவர் சோற்றைத் தின்று வளர்ந்தது நம்மிடம் ஒட்டுமா? இந்தக் கேள்விகளை எளிதில் தள்ளிவிடக் கூடாது. நாயின் மூளையைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் கடந்த அறுபது ஆண்டுகளில் கிடைத்திருக்கும் பதில்கள், தத்தெடுக்க நினைக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேவையானவை.

பழமொழியில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஜாக்சன் ஆய்வகம் இருக்கிறது. அங்கே ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர் செய்த சோதனை 1961இல் வெளிவந்தது. உயரமான வேலி போட்ட வெளியில் மனிதக் கை படாமல் குட்டிகளை வளரவிட்டு, வெவ்வேறு வயதில் எடுத்து மனிதரோடு பழக்கினார்கள். இளம் வயதில் எடுத்தவை சீக்கிரம் ஒட்டிக்கொண்டன. 14 வாரம் வரை மனிதரை அறியாமலே வளர்ந்தவை, பிறகு எவ்வளவு பாடுபட்டாலும் மிரட்சியோடே இருந்தன. ஆக, ஏறத்தாழ மூன்றாம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரம் வரை மூளையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 'மனிதன் என்பவன் பயப்பட வேண்டியவன் இல்லை' என்ற பாடம் அந்தக் கதவு வழியாக நுழைந்தால்தான் உண்டு.

ஆனால் ஒரு வீட்டில் வளர்ந்து இன்னொரு வீட்டுக்கு வரும் நாய் அந்தப் பாடத்தை ஏற்கனவே படித்து முடித்த நாய். அது வளைய வேண்டிய வயதில் வளைந்துவிட்டது. அதனிடம் நாம் கேட்பது மனிதரை நம்பு என்பதை இல்லை, இந்த மனிதரை நம்பு என்பதை. இரண்டாவது கோரிக்கை முதலாவதைவிட மிகச் சிறியது.

எவ்வளவு சிறியது என்பதை ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். கைக்குழந்தைக்குத் தாயிடம் உள்ள ஒட்டுதலைக் கண்டறிய மேரி எய்ன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் ஒரு சோதனை முறையை வகுத்திருந்தார். பழக்கமில்லாத அறை, அங்கே ஓர் அந்நியர், தாய் வெளியே போய்த் திரும்பி வருவது; குழந்தை என்ன செய்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். யோசெஃப் டோபால் குழுவினர் 1998இல் இதை நாய்களுக்கு ஏற்ப மாற்றினார்கள். 2001இல் மார்த்தா காட்சியும் கூட்டாளிகளும் அதே சோதனையைக் காப்பகத்தில் கிடந்த வளர்ந்த நாய்களிடம் கொண்டுபோனார்கள். முன்பின் தெரியாத ஒருவர் நாயோடு பத்து நிமிடம் இருப்பார். நடப்பார், பேசுவார், தடவிக்கொடுப்பார். இப்படி மூன்று தடவை. மொத்தம் அரை மணி நேரம். அதற்குப் பிறகு சோதனை அறையில் அந்த நாய்கள் அவரை அந்நியராக நடத்தவில்லை. அவர் கதவைத் திறந்து வந்ததும் ஓடிப்போய் வரவேற்றன. அரை மணி நேரத்தில் ஒட்டுதலின் அறிகுறிகள்! கைவிடப்பட்ட நாயின் மனம் கல்லாகிப்போயிருக்கும் என்ற எண்ணம் இந்த இடத்தில் தளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் வீட்டுக்குக் கொண்டுவந்த நாயைச் சில நாளிலேயே திருப்பிக் கொடுப்பவர்கள் ஏன் இவ்வளவு பேர்? பாசம் பிறக்கும் வேகம் வேறு, பயம் வடியும் வேகம் வேறு என்பதுதான் பதில். ஒட்டுதல் நிமிடங்களிலும் நாள்களிலும் வருகிறது. உடம்பிலிருந்து பதற்றம் இறங்க வாரங்கள் ஆகின்றன. குணம் முழுதாக வெளியே தெரிய மாதங்கள் ஆகின்றன. ஒரே உடம்புக்குள் ஓடும் இந்த மூன்று வேகங்களையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதால்தான் நல்ல நாய்கள் திரும்பிப் போகின்றன.

பதற்றத்தின் கதையை உடம்பிலிருந்து தொடங்கலாம். ஆபத்து என்று மூளை முடிவுசெய்ததும் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரிச் சுரப்பிக்குச் சொல்கிறது. பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது. அட்ரினல் கார்ட்டிசோலை ரத்தத்தில் இறக்குகிறது. ஓடவோ எதிர்க்கவோ சர்க்கரையைத் திரட்டிக்கொடுப்பது, செரிமானத்தையும் மற்ற நிதானமான வேலைகளையும் தள்ளிப்போடுவது எல்லாம் அதன் பொறுப்பு. ஒரு பயத்தோடு நின்றுவிட்டால் கார்ட்டிசோல் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். அது இறங்குவதற்குள் அடுத்த பயம், அதற்குள் இன்னொன்று என்று வந்துகொண்டிருந்தால் இறங்க வழியே இருக்காது. ஒஹாயோவில் மைக்கேல் ஹென்னஸி குழுவினர் 1997இல் வெளியிட்ட ஆய்வு காப்பகத்துக்குள் வந்த நாய்களின் ரத்தத்தைச் சோதித்தது. முதல் மூன்று நாள் கார்ட்டிசோல் மிக உயரத்தில் இருந்தது. அதற்குப் பிறகே மெல்லச் சரிந்தது. நம் வீட்டுக்கு வரும் நாய்க்கும் நம் வீடு முதலில் இன்னொரு அந்நிய இடம்தான். நாம் அன்பானவர்கள் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டுக்கு ஜிம்மி வந்தபோது இதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஐந்து வயது, செம்மண் நிறம், ஒரு காது மடிந்த நாட்டு நாய். காஜாங்கில் தரை வீட்டில் இருந்த குடும்பம் கோலாலம்பூரில் கொண்டோவுக்குப் போனதால் எங்களிடம் வந்தது. வந்ததும் பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் இருந்த சந்தில் உடம்பைச் செருகிக்கொண்டது. முகம் சுவர்ப் பக்கம். தட்டில் வைத்த கோழியும் சோறும் அப்படியே எறும்புக்குப் போனது. வீட்டில் விளக்கு அணைந்த பிறகு தண்ணீர் நக்கும் சத்தம் மட்டும் கேட்கும். தொட்டால் சும்மா இருக்கும், உறுமாது, வாலாட்டாது. பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும், "ரொம்ப சாது நாய்ங்க, கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார்கள். என் அம்மா மட்டும் நம்பவில்லை. "சாதுவா இருக்கல, பயந்து கெடக்குது. கூப்பிடாத, அதுவா வரட்டும்" என்றார். ஆய்வுக்கூடங்கள் சொல்வதும் அதுவே. அசையாமல் உறைந்து நிற்பது ஓடுதல், எதிர்த்தல் போலவே பயத்தின் ஒரு வடிவம். வெளியே தெரியும் அமைதிக்கும் ரத்தத்தில் ஓடும் கார்ட்டிசோலுக்கும் தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

தூக்கமும் ஏமாற்றும். புது நாய் வந்த அன்றே படுத்துத் தூங்கிவிட்டால் நிம்மதியாகிவிட்டது என்று நினைப்போம். 2017இல் அன்னா கிஷ் என்ற ஹங்கேரிய ஆய்வாளரின் குழு நாய்களின் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பதிவுசெய்தது. கொஞ்சலும் விளையாட்டுமாகச் சில நிமிடம் கழித்த நாய்களைவிட, தனியே கட்டிப்போட்டும் முறைத்துப் பார்த்தும் வருத்தப்படுத்தப்பட்ட நாய்களே சீக்கிரம் தூங்கிப்போயின. ஆனால் அந்தத் தூக்கத்தில் ஆழ்ந்த உறக்கம் குறைந்து, கனவுக் கட்டம் கூடியிருந்தது. களைத்துச் சரிவது ஓய்வாகாது.

கைவிடப்பட்ட நாய்களை மீட்பவர்கள் வட்டாரத்தில் 'மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம்' என்று ஒரு கணக்கு உண்டு. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் தன் வீடு என்ற எண்ணம். இது அனுபவத்தில் பிறந்த கைக்கணக்கு. யாரும் ஆய்வுக்கூடத்தில் வகுத்ததில்லை. ஆனாலும் அளந்தவர்கள் கண்டது இதிலிருந்து அதிக தூரம் விலகவில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 52 காப்பக நாய்களின் முடியைக் கத்தரித்து, அதில் படிந்த கார்ட்டிசோலை அளந்து 2022இல் வெளியிட்டார்கள். ரத்தம் அந்தக் கணத்தைச் சொல்லும். வளரும் முடி கடந்த பல வாரங்களைச் சேர்த்துச் சொல்லும். காப்பகத்தில் ஆறு வாரம் இருந்ததும் அளவு ஏறியிருந்தது. தத்துப்போய் ஆறு வாரம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் எடுத்த முடியில் அது பழைய நிலைக்கு இறங்கியிருந்தது. வீடு கிடைத்தது என்ற செய்தி நாயின் முடிவரை போய்ச் சேர வாரக் கணக்கில் காலம் ஆகிறது.

அதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆய்வு. 99 நாய்களைத் தத்தெடுத்தவர்களிடம் 7, 30, 90, 180ஆம் நாள்களில் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்து நடத்தையைக் கேட்டார்கள். நாளாக நாளாகத் தனிமையில் அலறுவதும் ஆளை விடாமல் ஒட்டிக்கொண்டு திரிவதும் குறைந்தன. அதே காலத்தில் அந்நியர்மேல் உறுமுவது, துரத்துவது, எளிதில் கிளர்ந்துவிடுவது, சொன்ன பேச்சைக் கேட்காமல் இருப்பது ஆகியவை கூடின! ஆறாம் மாதத்தில் நாய் 'கெட்டுப்போய்விட்டதா'? அப்படி இல்லை. முதல் வாரத்தில் பயத்துக்கு அடியில் அமுங்கிக் கிடந்த நாய் இப்போதுதான் எழுந்து நிற்கிறது. காக்கத் தோன்றும் அளவுக்கு அது இந்த வீட்டைத் தன் வீடாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை தங்கள் நாயின் நடத்தை நன்றாகவே இருக்கிறது என்றுதான் கூறின.

ஆகவே முதல் வாரத்தில் 'எவ்வளவு சாது!' என்று பூரித்துக் குழந்தைகளோடு கட்டிப்புரள விடுவதும், 'சாப்பிடவே மாட்டேன்கிறது, சரிப்படாது' என்று திருப்பிக் கொடுப்பதும் ஒரே பிழை. இரண்டிலும், இன்னும் வெளியே வராத ஒரு நாயைப் பற்றி நாம் முடிவெடுக்கிறோம்.

அது வெளியே வரும்வரை நாம் செய்யக்கூடியது, அதன் உலகத்தைச் சின்னதாக்கிக் கொடுப்பது. நம் ஊரில் தரை வீட்டு நாய் என்றால் கார் போர்ச்சில்தான் இருக்கும். புது நாய்க்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. மூன்று பக்கமும் திறந்த வெளி. போகிற மோட்டார் சைக்கிள், உணவு கொண்டுவருபவர், பக்கத்து வீட்டு நாய், தெருப் பூனை எல்லாமே ஒவ்வொரு சின்ன அலாரமாக அடித்துக்கொண்டிருக்கும். ஒன்று இறங்குவதற்குள் அடுத்தது. வீட்டுக்குள் ஒரு மூலை, முதுகுப் பக்கம் சுவர், படுக்க ஒரு சாக்கோ பழைய போர்வையோ, எப்போதும் தண்ணீர், இது போதும். அந்த மூலைக்குள் இருக்கும்போது யாரும் இழுக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. சொந்தக்காரர்களை அழைத்துக் காட்டும் ஆசையைச் சில வாரம் ஒத்திவையுங்கள்.

ஆட்டோ கேட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கார் வளைவில் திரும்பும்போதே பொத்தானை அழுத்துவது நம் பழக்கம். கேட் முழுதாகத் திறந்து, கார் உள்ளே வந்து, மறுபடி மூடுவதற்குள் மிரண்ட நாய் தாமானை விட்டே ஓடிவிடும். அதற்கு இந்த வீட்டின் வாசனை இன்னும் மனதில் பதியவில்லை. திரும்பி வரும் வழி தெரியாது. பழைய வீட்டைத் தேடிப் பெருஞ்சாலைப் பக்கம் போன நாய்களின் கதையை மீட்பவர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். ஆகவே கிரில் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருவர் உள்ளிருந்து பார்த்துச் சொன்ன பிறகே கேட் திறக்க வேண்டும். தீபாவளிக்கோ சீனப் புத்தாண்டுக்கோ முந்தின வாரம் நாயை வீட்டுக்குக் கொண்டுவருவதையும் தவிருங்கள். நாலு மணிக்கு மேல் இடித்துக்கொண்டு இறங்கும் நம் ஊர் மழையே போதுமான சோதனை. பட்டாசையும் சேர்க்க வேண்டாம்.

நாய்க்கு இடம் என்பது முதலில் வாசனை. எமரி பல்கலைக்கழகத்தின் கிரெகரி பெர்ன்ஸ், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க நாய்களைப் பழக்கியவர். அவர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்த மனிதர், தெரியாத மனிதர், தெரிந்த நாய், தெரியாத நாய், தன்னுடையது என்று ஐந்து வாசனைகளை முகரவைத்தார்கள். இன்பத்தை எதிர்பார்க்கும்போது துடிக்கும் காடேட் என்ற மூளைப் பகுதி, தெரிந்த மனிதரின் வாசனைக்கே மிக அதிகமாகத் துடித்தது. அந்த மனிதர் அறையிலேயே இல்லாதபோதும்! பழைய வீட்டாரிடம் துவைக்காத ஒரு சட்டையையோ கைலியையோ கேட்டு வாங்கி வந்து படுக்கையில் போடச் சொல்வது இதனால்தான். நாய் பழையவர்களை மறக்கட்டும் என்று அவசரப்பட வேண்டியதில்லை. ஜிம்மி அந்தச் சந்திலிருந்து முதன்முதலில் வெளியே வந்தது, பழைய வீட்டிலிருந்து வந்த கிழிந்த துண்டைப் பின்கட்டு நடுவில் நான் விரித்த பிறகுதான். சுற்றிச் சுற்றி முகர்ந்து, மூக்கை அதற்குள் புதைத்துப் பெருமூச்சு விட்டுப் படுத்தது. நடைக்குக் கூட்டிப் போகும்போதும் மூக்குக்கு நேரம் கொடுங்கள். மோப்ப விளையாட்டுப் பழகிய நாய்கள், நிச்சயமில்லாத ஒன்றைக் காணும்போது நல்லதே இருக்கும் என்று எதிர்பார்த்து முன்வருகின்றன என்று துராந்தோன், ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2019இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு விளக்குக் கம்பத்தை நாய் முகர்ந்துகொண்டே நிற்கிறது என்றால் அது வேலை செய்கிறது, கயிற்றை இழுக்காதீர்கள்.

சோற்றுத் தட்டுக்கு வருவோம். தட்டருகில் நாய் காட்டும் கோபத்துக்குப் பின்னால் ஒரு பழைய பசி இருக்கலாம். 2009 ஏப்ரலில், கிள்ளான் துறைமுகத்துக்கு அப்பால் உள்ள கெத்தாம் தீவில் தெருநாய்களைப் பிடித்து ஆளில்லாத அலையாத்தித் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 300க்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. நன்னீரும் இரையும் இல்லாத சேற்றில் பசி தாங்காமல் ஒன்றையொன்று தின்னும் நிலை. தன்னார்வலர்கள் படகில் போய் உணவு வைத்து, பிடிக்க முடிந்தவற்றைக் கரைசேர்த்தார்கள். இப்படி ஒரு பசியைக் கண்டிருந்தாலும் நாயின் நெற்றியில் எழுதியிருக்காது. தட்டை நெருங்கினால் உடம்பு விறைக்கும், விழுங்கும் வேகம் கூடும், பல் தெரியும். 'தட்டில் கை விட்டுப் பழக்கு, அப்போதுதான் அடங்கும்' என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய. அது நேர்மாறான பாடத்தைக் கற்பிக்கிறது: கை வந்தால் சோறு போகும், ஆகவே கையை விரட்டு. தூரத்தில் நின்று, தட்டில் இருப்பதைவிட நல்ல ஒரு துண்டு ஈரலையோ கோழியையோ வீசிவிட்டுப் போய்விடுங்கள். கை வந்தால் நல்லது வரும் என்று நாய் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு மட்டும் வேண்டாம். வெங்காயம், பூண்டு இரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து ரத்தசோகை கொடுக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது.

கூடத்தில் சிறுநீர் கழித்துவிட்டால்? வெளியே அழைத்துப் போகும் நேரத்தைக் கூட்டுங்கள், கழுவுங்கள், அவ்வளவுதான். வீடு திரும்பிய பிறகு ஈரத்தைக் காட்டித் திட்டினால் நாய் தலையைத் தொங்கப்போடும், கண்ணை ஒதுக்கும். தப்பு தெரிந்துதான் அப்படி நிற்கிறது என்று சத்தியம் செய்வோம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் செய்த சோதனையில், தின்னக்கூடாத தீனியைத் தின்ற நாயும் தொடாத நாயும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைத்தான் காட்டின. தொடாமலே திட்டு வாங்கிய நாய் இன்னும் அதிகமாகவே காட்டியது. நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது நம் கோபத்துக்கு அது காட்டும் பயம். போர்ச்சுகலில் 92 நாய்களை வைத்து வியெரா டி காஸ்ட்ரோ குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு இதை முடித்துவைத்தது என்றே சொல்வேன்: அதட்டியும் கழுத்துப்பட்டையைச் சுண்டியும் பழக்கும் பள்ளிகளின் நாய்களுக்குப் பயிற்சிக்குப் பின் கார்ட்டிசோல் கூடியிருந்தது, பயிற்சிக்கு வெளியிலும், எதையும் அவநம்பிக்கையோடு அணுகின. ஏற்கனவே கார்ட்டிசோல் நிரம்பி வந்த நாயை அடித்துப் பழக்க நினைப்பவர்களிடம் என்னால் பொறுமையாகப் பேச முடிவதில்லை.

தனியே விட்டால் குரைத்து ஊரைக் கூட்டும் நாயைப் பிடிவாதக்காரன் என்று நினைப்பதும் அதே போன்ற பிழைதான். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மெண்டல் 2010இல் 24 காப்பக நாய்களிடம் ஒரு சோதனை செய்தார். அறையின் ஒரு பக்கம் வைத்த கிண்ணத்தில் எப்போதும் தீனி இருக்கும், மறு பக்கம் வைத்ததில் இருக்காது என்று பழக்கிவிட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தை வைத்தார். தனிமையில் அதிகம் தவித்த நாய்கள் நடுக்கிண்ணத்தை நோக்கி மெதுவாகவே போயின. காலியாகத்தான் இருக்கும் என்று அவை எதிர்பார்த்தன. தவிப்பின் அடியில் இருப்பது அவநம்பிக்கை. ஒருமுறை வீட்டை இழந்த நாய்க்கு, கதவைச் சாத்திவிட்டுப் போகிறவர் திரும்பி வருவார் என்று எப்படித் தெரியும்? சாவியை எடுத்து மறுபடி வையுங்கள். வெளியே போய் உடனே உள்ளே வாருங்கள். பிறகு கொஞ்சம் கூடுதல் நேரம். போவதும் வருவதும் அற்ப விஷயம் ஆகும்வரை செய்யுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு நாயின் மொழியில் சில சொற்களைக் கற்றுக்கொடுங்கள். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'தள்ளிப் போ' என்பதற்கான சொற்கள். உறுமல் அதற்கடுத்த சொல். உறுமியதற்கு அடித்தால் நாய் உறுமுவதை விட்டுவிடும். அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். கட்டிப்பிடிப்பதும் முகத்தோடு முகம் வைப்பதும் நமக்குப் பாசம், புது நாய்க்குப் பூட்டு. ஏற்கனவே ஒரு நாய் இருந்தால் இரண்டையும் வீட்டுக்குள் சந்திக்கவிடாமல் திடலில் சற்றுத் தள்ளித் தள்ளி நடக்கவிட்டு, சேர்ந்தே வீடு திரும்புங்கள்.

பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால், மண் கலந்த நீர் ஒரு முறை உட்பட ஏழு முறை கழுவும் சமயக் கடமை நம் மலாய் அண்டை வீட்டாருக்கு உண்டு. கயிறு இல்லாமல் நாயைத் தெருவில் விடாமல் இருப்பதும், கழிவை எடுத்துப் போடுவதும், நாய் வருவதற்கு முன்பே அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் மரியாதை. கயிற்றில் இருக்கும் நாய் மிரண்டு ஓடாது என்பதால் நாய்க்கும் அதுவே நல்லது.

மருத்துவரிடம் போகும்போது, பழைய வீட்டார் ஊசி அட்டை கொடுத்திருந்தாலும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பழுப்பு நாய் உண்ணி சுவர் இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா கிருமி மாதக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் உடம்பில் தங்கும். 'சோம்பேறி நாய்' என்று பெயர் வாங்கியது உண்மையில் உண்ணிக்காய்ச்சல்காரனாக இருக்கலாம். கொசு பரப்பும் இதயப்புழு இன்னொன்று. அது இருக்கிறதா என்று பார்க்காமல் தடுப்பு மாத்திரையைத் தொடங்கக் கூடாது, ரத்தத்தில் உள்ள இளம்புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் நாய்க்கே அதிர்ச்சி ஏற்படலாம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியது, 2017 முதல் சரவாக்கில் அது உயிர்களைக் குடித்துவருகிறது. நாய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். செமினி காஜாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருவதால் உரிமம் அங்கே எடுக்க வேண்டும், அதுவும் புது உரிமையாளர் பெயரில். உரிமம் இல்லாமல் தெருவில் திரியும் நாயைப் பிடித்துப் போக அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

தத்தெடுக்க ஆசை இருந்தும் துணிவில்லாமல் இருப்பவர்களிடம் இன்னொரு ஆய்வைச் சொல்லத் தோன்றுகிறது. லிசா கன்டர் குழுவினர் 2019இல் வெளியிட்டது. அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்கள். ஒவ்வொன்றையும் யாராவது ஓரிரு இரவு மட்டும் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அந்த இரவுகளில் கார்ட்டிசோல் இறங்கியது, நாய்கள் நீண்ட நேரம் ஓய்வெடுத்தன. கொண்டுபோய்த் திரும்ப விட்டால் நாய் மனமுடைந்துபோகும் என்று நாம் பயப்படுகிறோம். அளந்தவர்கள் அப்படிக் காணவில்லை. காப்பகம் திரும்பிய நாய்களின் கார்ட்டிசோல், கிளம்புவதற்கு முன் இருந்த அளவுக்கே வந்தது. அதற்கு மேல் போகவில்லை. ஒரு வார இறுதிக்கு நாயை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா என்று உங்களுக்கு அருகிலுள்ள காப்பகத்தில் கேட்டுப் பாருங்கள்.